கடித்தது குட்டிதானே!

எங்கள் நாய்க்குட்டிக்கு இரண்டு மாதம்தான் ஆகிறது. விளையாட்டில் பல் பட்டு மகளுக்கு லேசான கீறல். பால்குடி மறக்காத குட்டிக்கு ஏது வெறி?
– புதுக் குட்டிக்காரர், கரூர்

தெருவில் கண்டெடுத்த குட்டி என்றால், அதன் தாயை எந்த நாய் கடித்தது, வந்த வழியில் குட்டியை எது கடித்தது என்று சொல்ல ஜாதகம் கிடையாது. நாய்க்கு முதல் ரேபிஸ் தடுப்பூசியே மூன்று மாதத்தில்தான். அப்புறம் ஒரு பூஸ்டர், பிறகு வருடா வருடம். ஆக, உங்கள் குட்டி இப்போது எந்தப் பாதுகாப்பும் இல்லாத வயதில் இருக்கிறது. ரத்தம் வராத கீறலுக்கே ஊசி உண்டு. ரத்தம் எட்டிப் பார்த்தால் ஊசியோடு, காயத்துக்குள்ளேயே செலுத்துகிற இம்யூனோகுளோபுலினும் உண்டு. இதை எழுதி அனுப்பிய நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய் வந்திருக்கலாம்.

டியூஷன் போகும்போது நாய் காலில் கடித்துவிட்டது. வீட்டில் சொன்னால் அடி விழும். பேன்ட் போட்டு மறைத்திருக்கிறேன். தானாக ஆறிவிடுமா சார்?
– ஏழாம் வகுப்பு மாணவன், ஊர் வேண்டாம்

தம்பி, காயம் ஆறிவிடும். அதுதான் ஆபத்தே. மேலே தோல் மூடிக்கொள்ளும். உள்ளே வைரஸ் நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு நடக்கும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் அறிகுறி தெரியும். தெரிந்தபின் அநேகமாக எந்த வைத்தியமும் பலிக்காது. அதனால் இந்தப் பக்கத்தை அப்படியே அம்மாவிடம் நீட்டு. முதலில் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவு. அந்த வைரஸுக்குக் கொழுப்பால் ஆன மேலுறை. சோப்பு அதைக் கரைத்துவிடும். கடித்து நாலு நாள் ஆகியிருந்தாலும் கழுவு, ஊசிக்கும் போ. 1885-ல் லூயி பாஸ்டரின் தடுப்பூசியைப் போட்டுப் பிழைத்த ஜோசப் மைஸ்டருக்கு உன்னைவிடக் குறைந்த வயது. 9!

இனி அம்மாவுக்கு: உலகில் ரேபிஸால் சாகிறவர்களில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். உயரம் குறைவு என்பதால் முகத்திலும் தலையிலும் கடிபடுவார்கள். மூளைக்குத் தூரமும் குறைவு. “ஏன்டா அந்த நாய்கிட்ட போனே?” என்ற விசாரணையை 28 நாள் கழித்து, எல்லா ஊசியும் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கடிவாயில் காபித்தூள் வைக்கலாமா?
– கைவைத்தியப் பிரியை, சிதம்பரம்

வைப்பதானால் கூடவே பாலும் சர்க்கரையும் வையுங்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவுக்காவது உதவும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எல்லாமே காயத்தைப் புண்ணாக்கத்தான் லாயக்கு. கட்டும் போடவேண்டாம்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நினைத்தாலே என் பேரன் கட்டிலுக்கடியில் போய்விடுகிறான்.
– தாத்தா, கும்பகோணம்

பேரனுக்கு அந்தக் கதையைச் சொன்னது யார் தாத்தா? அது ஆட்டு மூளையில் தயாரித்த பழைய மருந்து. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் தயாரானதுதான். 2004-லேயே இந்தியா அதற்கு விடைகொடுத்துவிட்டது. இப்போது அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடுகிற சின்ன ஊசி, இலவசம். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 என நான்கு நாட்கள் போகவேண்டும். கையில் போடுவார்கள், பொடிசு என்றால் தொடையில். இடுப்பில் போடுவதில்லை.

எங்கள் மணி இரண்டு நாளாக வாயை மூடவே இல்லை. எச்சில் ஒழுகுகிறது, தண்ணீரும் இறங்கவில்லை. தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கும்போல. கையை விட்டு எடுக்கட்டுமா?
– மணியின் சொந்தக்காரர், பொள்ளாச்சி

கையை எடுங்கள் ஐயா, முதலில்! வெறிநாய் என்றால் குரைத்துக்கொண்டு தெருவெல்லாம் துரத்தும் என்றுதான் சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. சத்தமே போடாத ரேபிஸும் உண்டு. தாடைத் தசை செயலிழந்து கீழ்வாய் தொங்கிவிடும். விழுங்க முடியாததால் எச்சில் வழியும். பார்க்கிறவர்களுக்கு அச்சாக எலும்பு மாட்டியதுபோலவே தெரியும். உண்மையிலேயே எலும்பாகவும் இருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்லவேண்டியவர் கால்நடை மருத்துவர். மணியைத் தனியாகக் கட்டிவைத்து, பிள்ளைகளை அண்டவிடாமல், அவரை வரச்சொல்லுங்கள். ஏற்கெனவே கையை விட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேரே ஊசிக்குப் போங்கள். மணியை வருடா வருடம் ஊசிக்குக் கூட்டிப்போனீர்களா என்று நான் கேட்கவில்லை; அவர் கேட்பார்.

கடித்த நாயைப் பத்து நாள் கவனித்துவிட்டு, அதற்கு ஏதாவது ஆனால் ஊசி போட்டுக்கொண்டால் போதாதா?
– சிக்கனக்காரர், சிவகாசி

ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனியுங்கள். பத்து நாளும் நாய் நன்றாக இருந்தால் மீதி ஊசி வேண்டுமா என்று டாக்டர் சொல்வார். ஆனால் தெருநாய் உங்களுக்கு அட்டெண்டன்ஸ் கொடுக்குமா?

பூனை? குரங்கு? எலி?
– ஒரே அஞ்சலட்டையில் மூன்று கேள்வி, ராஜபாளையம்

பூனைக்கும் குரங்குக்கும் ஊசி உண்டு. வீட்டு எலியால் ரேபிஸ் வருவது மிக அபூர்வம். டாக்டரிடம் மட்டும் காட்டிவிடுங்கள்.

தெருநாய்களை ஒட்டுமொத்தமாக ஒழித்துவிட்டால் ரேபிஸும் ஒழியுமே?
– கோபக்காரர், ஆவடி

லட்சத்தீவில் நாயே கிடையாது, ரேபிஸும் கிடையாது. நம்மைச் சுற்றிக் கடல் இல்லையே! இங்கே பிடித்துப்போன நாயின் இடத்துக்கு ஊசி போடாத அடுத்த தெரு நாய் குடிவந்துவிடும். ஓர் ஊரில் 70 சதவீத நாய்களுக்கு விடாமல் தடுப்பூசி போட்டுவந்தால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது கணக்கு. நாய்களுக்குப் பெரிய அளவில் ஊசி போட்ட கோவாவில் 2018-லிருந்து மூன்று வருடம் ரேபிஸால் ஒருவர்கூடச் சாகவில்லை. உங்கள் கோபம் நியாயம்தான். அதை வார்டு கவுன்சிலர் பக்கம் திருப்புங்கள். போன வருடம் நம் தெருவில் எத்தனை நாய்க்கு ஊசி போட்டீர்கள் என்று கேளுங்கள்.

ஊசி போட்ட பிள்ளைக்குக் கறி, மீன் கொடுக்கக்கூடாதாமே?
– பத்தியக்காரப் பாட்டி, மேலூர்

எந்தப் பத்தியமும் இல்லை பாட்டி. பிரியாணி கேட்டால் கொடுங்கள். காயம் ஆறிய தெம்பில் பலர் டிமிக்கி கொடுப்பது அந்த 28-ம் நாள் ஊசிக்குத்தான். பிரியாணியை அன்றைக்கு வைத்துக்கொண்டால் லஞ்சமாகவும் ஆகும்.