மருமோன் கட்டுற சில்லு வீடு

வாரும் மருமோன், இந்த வேம்பு நிழலிலை இரும். பிளேனிலை வந்த களை தீர முந்தியே கிளிநொச்சியிலை ஒரு எல்ஃப் லொறி வாங்கிப் போட்டீராம். கொம்மா போன் எடுத்து ஒரே அழுகை. பதினாலடிப் பெட்டிக்குள்ளை கட்டில், குசினி, பிரிஜ், குளிக்கிற இடம், கக்கூசு; கூரையிலை சோலரும் ஏசியும். அதிலையே காடு கரம்பை எல்லாம் திரிஞ்சு, இரவானால் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கப் போறீராம். அருமையான யோசனை. அரையேக்கர் வளவும் ஓட்டு வீடும் இருக்க லொறிக்குள்ளை படுக்கிறதெண்டால் அதுக்குக் கனடாப் படிப்புத்தான் வேணும்.

எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. தார் ரோட்டை விட்டு இறங்குறதுக்கு நீர் இவ்வளவு காசு செலவழிக்கிறீர். தார் ரோட்டிலை ஏறுறதுக்கு நாங்கள் எத்தினை வருசம் காத்துக் கிடந்தம் தெரியுமோ? ஏ9 பாதையை 2002இலை திறந்தாங்கள், 2006 ஆவணியிலை திரும்பப் பூட்டினாங்கள். அப்ப எங்கடை ரோட்டிலை ஓடின பழைய மொரிஸ் மைனருகளை வெள்ளைக்காரன் இப்ப பார்த்தால் காடு ஓடுற வாகனம் எண்டு விருது குடுப்பான். சரி, என்ரை புலம்பல் கிடக்கட்டும். உம்மடை லொறிக்கு வருவம்.

முந்நூறு லீற்றர் தண்ணித் தாங்கி எண்டீர். லீற்றருக்கு ஒரு கிலோ. ஆறு மூட்டை சீமேந்தை எந்த நேரமும் காவிக்கொண்டு திரியப் போறீர். சீமேந்தெண்டாலும் வைச்ச இடத்திலை கிடக்கும். தண்ணி அரைத் தாங்கிக்கு வந்திட்டால் வளைவிலை எல்லாம் ஒரு பக்கம் ஓடி லொறியைச் சரிக்கும். கட்டாயம் வேணுமெண்டால் தாங்கிக்குள்ளை தடுப்புத் தகடு போட்டு, சேசியோடை ஒட்டப் பதிச்சு, பின் அச்சுக்கு முன்னாலை வையும். பின்னச்சுக்குப் பின்னாலை பாரம் தொங்கினால் முன் சில்லு லேசாகிப் போகும். நீர் ஸ்ரேறிங்கைத் திருப்புவீர், லொறி தன்ரை பாட்டுக்கு நேரை போகும். இது இரணைமடு மண், மருமோன். எங்கை கிண்டினாலும் வாய்க்கால். முந்நூறு லீற்றரைக் காவிக்கொண்டு அதுக்குள்ளாலை போனால் கொக்குச் சிரிக்கும்.

அடுத்தது குசினி. முதிரைப் பலகையிலை செய்யப் போறீராம், ஊர்ப் பெருமைக்கு. நல்லது. முதிரை கல்லு மாதிரிப் பாரம், ஆணி அடிச்சால் ஆணி வளையும். போதாததுக்குப் பலகையை ஏத்திக்கொண்டு வரவே அனுமதிப் பத்திரம் வேணும். வழியிலை மறிக்கிற ஒவ்வொருத்தனுக்கும் உம்மடை கறித்தூள் அலுமாரியின்ரை சரித்திரத்தை விளக்கிச் சொல்லும். வடிவாய்ப் பொழுது போகும். மெல்லிய பிளைவுட்டிலை செய்தீரெண்டால் ஆரும் மறிக்க மாட்டாங்கள், பெருமையும் இருக்காது.

இனிச் சொல்லுறதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளும். பெட்டியைச் சேசியோடை இறுக்கி வெல்டிங் பண்ணப் போறன் எண்டீரல்லோ? வயல் வரம்பிலை ஒரு முன் சில்லு ஏறி, அதே பக்கப் பின் சில்லு பள்ளத்திலை இறங்கேக்கை லொறியின்ரை சேசி முறுகும். முறுகத்தான் வேணும், முறுகாட்டில் ஒரு சில்லு அந்தரத்திலை நிண்டு சுத்தும். உம்மடை பெட்டி முறுகாது. சேசி ஒரு பக்கம் இழுக்கும், பெட்டி வர மாட்டன் எண்டு நிக்கும். முதல் மாதம் கதவு பூட்டாது. ரெண்டாம் மாதம் யன்னல் கண்ணாடி வெடிக்கும். பேந்து வெல்டிங் பிடிச்ச இடத்திலை சேசியே வெடிக்கும். ஜேர்மன்காரன் யூனிமொக்கிலை பெட்டி வைக்கேக்கை மூண்டு இடத்திலை மட்டும் தாங்கி, ஆடுறதுக்கு இடம் விட்டுத்தான் பூட்டுறான். வேறை ஆக்கள் போல்ற்றுக்கு ஸ்பிறிங் போட்டு, பெட்டி கொஞ்சம் எழும்பி இருக்க விடுகினம். நம்பாட்டில் என்ரை உழவு இயந்திரத்தையும் பெட்டியையும் பாரும். கொழுவிற இடத்திலை ஒரு ஆணிதான். மெசின் ஒரு பக்கம் சரியும், பெட்டி மற்றப் பக்கம் சரியும், ரெண்டுக்கும் சண்டை இல்லை.

பின்னாலை சோடிச் சில்லு வைச்சிருக்கிறீர். தார் ரோட்டுக்கு அது சரி. களிமண்ணிலை ரெண்டுக்கும் நடுவிலை சேறு அப்பும், கல்லுச் செருகும், ரயரைக் கடிக்கும். முன் சில்லு போன தடத்திலை அது போகாது, தனக்கெண்டு புதுத் தடம் வெட்டும். வெளியிலை உந்த வேலை செய்யிறவை பின்னுக்கும் ஒற்றைச் சில்லுத்தான் போடுகினம். சுண்டிக்குளம், நாயாறுப் பக்கம் மணலிலை இறங்கிறதெண்டால் காத்தைப் பாதிக்கு இறக்கும். ரயர் அகண்டு மணலுக்கு மேலை நிக்கும். திரும்ப ரோட்டிலை ஏறின உடனை அடியும், இல்லாட்டில் ரயர் சூடேறிப் பிளக்கும். அதுக்குக் கொம்பிறசர் ஒண்டு வேணும். ஏசிக்கு வைச்சிருக்கிற காசிலை அதை வாங்கும்.

சில்லு, உருவம் எதை மாத்தினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குச் சொல்லி அனுமதி எடுக்க வேணும். புத்தகத்திலை லொறி, ரோட்டிலை வீடு எண்டு ஓடினால் பொலிசுக்காரன் குடிபூரலுக்கு வந்து நிப்பான்.

எஞ்சினும் கொமன் ரெயில், கொம்பியூட்டர் வைச்சது. கடவுளே. உதுக்குச் சுத்தமான டீசல் வேணும், ஒரு சொட்டுத் தண்ணி கலந்தாலும் கோவிச்சுக்கொண்டு நிண்டிடும். பொருளாதாரத் தடைக் காலத்திலை நாங்கள் மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெய்யிலை ஓட்டினனாங்கள். சட்டைப் பைக்குள்ளை மூக்குச் சளி மருந்துப் போத்தல் மாதிரி ஒரு சின்னப் போத்தல், அதுக்குள்ளை பெற்றோல். காபரேற்றருக்கை ரெண்டு சொட்டு அமத்திவிட்டு உதைச்சால் ஸ்ராட் ஆகும், பேந்து மண்ணெண்ணெய் பிடிச்சுக்கொள்ளும், பின்னாலை வாறவன் இருமிக்கொண்டு வருவான். 2022இலை கொழும்புச் சனம் கியூஆர் காட்டி வரிசையிலை நிண்டு அழேக்கை எங்கடை கிழவியள் சிரிச்சதுக்குக் காரணம் வேறை என்ன? எண்ணெய்க்கு ரெண்டு பில்ரர் போடும், தண்ணி பிரிக்கிற கிண்ணத்தோடை.

சில்லு வீடு உமக்குப் புதுசு. எங்களுக்கில்லை. உம்மடை பூட்டன் காலத்திலை வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் கூடார வண்டிலிலைதான் போறது. தட்டிலை மொத்தமாய் வைக்கோல் பரப்பி மேலை பாய். போகேக்கை அது மெத்தை, வரேக்கை மாட்டுக்குச் சாப்பாடு. உம்மடை மெத்தை, மருமோன், வரேக்கையும் மெத்தைதான்.

பேந்து 2008, 2009, கடைசிச் சண்டைக் காலம். மல்லாவி, அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் எண்டு வன்னிச் சனம் உழவு இயந்திரப் பெட்டியிலை குடித்தனம் நடத்தினது. வெளிக்கிடேக்கை கூரை ஓடு, கதவு, யன்னல் நிலை, அலுமாரி, ஆட்டுக்கல்லு எல்லாம் ஏத்தினம். அலுமாரி முதல் இறங்கிச்சு. பேந்து கதவும் நிலையும். பேந்து ஓடு. ஆட்டுக்கல்லைக் கொம்மம்மா விடமாட்டன் எண்டு நிண்டவ. அதுவும் ஒரு பனையடியிலை இறங்கிச்சு. கடைசி மட்டும் வந்தது தறப்பாள், மண்வெட்டி, கத்தி, கயிறு, தண்ணிக் கான், ஒரு சட்டி. பெட்டிக்கு மேலை ஆரும் படுக்கேல்லை. கீழை கிடங்கு வெட்டிப் படுத்தம். உம்மடை சாமான் பட்டியலை நேற்று வாசிச்சனான். கோப்பி மெசின் மூண்டாவது, மண்வெட்டி இல்லவே இல்லை.

காட்டுக்கை எங்கை நிக்கப் போறீர் எண்டதும் யோசியும். சுண்டிக்குளமும் மடு றோட்டும் 2015இலையிருந்து தேசிய பூங்கா, நினைச்ச இடத்திலை அடுப்பு மூட்டேலாது. முகமாலைப் பக்கம் மிதிவெடிச் சிவப்புப் பலகையிலை மண்டையோடு கீறிக் கிடந்தால், கக்கூசு லொறிக்குள்ளை வைச்சது புத்திதான் எண்டு அண்டைக்கு நான் ஒத்துக்கொள்ளுவன். யானைக்கு நெல்லும் உப்பும் மணத்தால் கல்லு வீட்டுச் சுவரையே தள்ளும், உம்மடை தகரத்துக்கு அது கதவைத் தட்டிக்கொண்டு நிக்காது.

இப்ப வைகாசி. வேலையை முடியும், அவசரமில்லை. கார்த்திகை மழை நல்லாய் ஒருக்காப் பெய்யட்டும். தண்ணி, பிரிஜ், கோப்பி மெசின் எல்லாத்தையும் நிறைச்சு, குளக்கட்டுக்குக் கீழை எங்கடை வயல் பாதையாலை கொண்டு வாரும். உழவு இயந்திரத்தை ஸ்ராட் பண்ணி வைச்சுக்கொண்டு வரம்பிலை நிப்பன். கயிறு என்ரை. டீசல் உம்மடை.