வதந்திக்கு ரன்வே தேவையில்லை

கேள்வி: 2025 ஜனவரியில் வாஷிங்டனில் ராணுவ ஹெலிகாப்டரும் பயணிகள் விமானமும் மோதி 67 பேர் இறந்தார்கள். மறுநாள் விடிவதற்குள் எங்கள் ஊர் டீக்கடையில் 'சதி' என்று முடிவே கட்டிவிட்டார்களே?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு

பதில்: வதந்திக்கு ரன்வே தேவையில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கிளம்பிவிடும்! விசாரணைதான் நிதானமாக வரும். 200 அடியைத் தாண்டக்கூடாத இடத்தில் ஹெலிகாப்டர் சுமார் 280 அடியில் பறந்ததை அதுதான் சொன்னது. 1996 நவம்பர் 12-ல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் இரு விமானங்கள் மோதி 349 உயிர்கள் போனதும் உயரக் கணக்கு தவறியதால்தான். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம், 14,000 அடியில் வந்த சவுதி விமானத்தின் பாதைக்கு இறங்கிவிட்டது. கட்டுப்பாட்டு அறையுடன் பேசிய அதன் ரேடியோ ஆபரேட்டர், உயரத்தை அறிய பைலட்டின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டிய நிலை! அதன் பிறகே இங்கே மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. யூகம் வில்லனைத் தேடும். விசாரணைதான் அடுத்த பயணியைக் காப்பாற்றும்.