12 வோல்ட் பியூன்

பல ஹைப்ரிட் கார்களில் பெரிய பேட்டரிக்கு இருநூறு வோல்ட்டுக்கு மேல் பவிசு உண்டு. மாற்றினால் லட்சத்தில்தான் பேச்சு. ஆனால் அதை வண்டியோடு இணைக்கும் ரிலேவுக்கு உத்தரவு போடுவது, ஓரமாகக் கிடக்கும் 12 வோல்ட் குட்டி பேட்டரி. பியூன் சாவி கொண்டுவராவிட்டால் கலெக்டரும் வராந்தாவில்தான். வண்டியைச் சில வாரம் சும்மா போட்டால் பியூன் லீவு.

நயினார்கோவிலில் நாகநாதரைக் கும்பிட்டுவிட்டு வந்து பட்டனை அமுக்கினால் மௌனம். இதே ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில்தான் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் நிற்கிறது. யாருக்கு என்ன பிரயோஜனம்? கடைசியில் கைகொடுப்பது கரிமூட்டை ஏற்றிவந்த டிராக்டரின் பேட்டரி.

மைலேஜ் கணக்கு சொல்லும் அண்ணாச்சிகள் பின்சீட்டில் முண்டு மிளகாய் மூட்டையை அடுக்குகிறார்கள். பெரிய பேட்டரி மூச்சுவிடும் காற்றுத்துளை சில மாடல்களில் அங்கேதான் இருக்கிறது. உள்ளே மின்விசிறி காரத்தூளை இழுத்துக்கொண்டு சுழலும்.

கடலுக்கு அந்தப்பக்கம் இலங்கையில், ஜப்பானில் ஓடித் தேய்ந்த பிரியஸ் ஹைப்ரிட் காரின் பேட்டரியைப் பிரித்து, செத்த செல்லை மட்டும் மாற்றிக் கொடுக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். இந்தப்பக்கம் விசாரித்தால், "இன்வெர்ட்டர் பேட்டரி ஒண்ணு வச்சுப் பாப்பமா சார்?"