ஒண்ணுக்கு டீச்சர்

ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்கு ஒரு சௌகரியம் உண்டு. பையனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "ஒண்ணாப்புல என்னதான் சொல்லிக் கொடுத்தாங்களோ" என்று ஒரு பெருமூச்சு விட்டால் போதும். பழி நாலு அறை தள்ளி வேப்பமரத்தடியில் இருக்கிற ஒன்றாம் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எங்களைப் பற்றி உயர்நிலைப் பள்ளிக்காரர்கள் இதையேதான் சொல்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கல்லூரிக்காரர்கள் சொல்கிறார்கள். மேலிருந்து உருண்டு வருகிற கல் கடைசியில் விழுகிற இடம் ஒண்ணாப்பு டீச்சரின் தலை. அவருக்கும் கீழே அங்கன்வாடி ஒன்று இருக்கிறதுதான். ஆனால் மூக்கு ஒழுகுகிற மூணு வயசுப் பிள்ளைகளைத் தூங்கவைக்கிற அம்மாவைத் திட்ட யாருக்கு மனசு வரும்?

23 வருஷமாக அந்தப் பெருமூச்சை விட்டுவந்த எனக்கு 2024 ஜூன் 10, திங்கட்கிழமை, கூலி கிடைத்தது. வெயிலுக்காகத் தள்ளிப்போட்டு, அன்றைக்குத்தான் பள்ளிக்கூடம் திறந்தார்கள். ஒண்ணாப்பு டீச்சர் முந்தின நாள் படியில் வழுக்கிக் கணுக்கால் வீங்கிப் படுத்துவிட்டார். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு வாரம் நீங்க பாத்துக்கிடுங்க சார். உங்க அஞ்சாப்ப நான் பாத்துக்கிடுதேன். சின்னப் பிள்ளைகதானே, என்ன செய்யப் போகுது?" என்றார். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியர் ஆனவர். ஒன்றாம் வகுப்புக்குள் காலெடுத்து வைத்தது அவருக்கு ஐந்து வயதானபோதுதான்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காடு. புதிதாகச் சேர்ந்தது 14 பிள்ளைகள். நான் உள்ளே நுழைந்தபோது 9 பேர் அழுதுகொண்டிருந்தார்கள். 4 பேர் அழலாமா வேண்டாமா என்று யோசனையில் இருந்தார்கள். மிச்சம் ஒருத்தன், ஆடு வளர்க்கிற வீட்டுப் பையன், எட்டயபுரம் சந்தையில் கிடா பிடிக்க வந்தவன் மாதிரி என்னை ஏற இறங்கப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்தால் விலை படியவில்லை என்று தெரிந்தது.

வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் வாசித்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. குரலை உயர்த்தி மறுபடியும் வாசித்தேன். அழாமல் இருந்தவர்களில் இரண்டு பேர் அந்தப் பக்கம் சேர்ந்ததுதான் மிச்சம். பிறகுதான் விஷயம் பிடிபட்டது. பதிவேட்டில் இருப்பது பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர். அந்தப் பெயரைப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறார்கள். "ஒம் பேரு என்ன?" என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். மூன்று பேர் பாப்பா, இரண்டு பேர் தம்பி, ஒருத்தி குட்டிம்மா, ஒருவன் "எங்கம்மாட்ட கேளுங்க." அம்மாக்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றார்கள். வகுப்புக்குள் அழுத 11 பேரைவிட ஜன்னலுக்கு வெளியே கண்ணைத் துடைத்தவர்கள் இரண்டு பேர் கூடுதல். அவர்களைக் கேட்டுக் கேட்டு நான் 14 பேரையும் கண்டுபிடித்துச் செயலியில் வருகை ஏற்றி முடிப்பதற்குள் முதல் பாடவேளை மணி அடித்துவிட்டது.

மணி அடித்ததும் ஆட்டுக்காரப் பையன் பையை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"எங்கலே கெளம்பிட்ட?"

"சாப்ட்டாச்சுல்லா? போட்டா டீச்சர்?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த ஆகஸ்டில் எங்கள் பள்ளிக்கும் வந்தது. அன்றைக்குக் காலையில் உப்புமாவும் சாம்பாரும் அவன் சாப்பிட்டிருந்தான். சாப்பாடு போட்டார்கள், சாப்பிட்டாயிற்று, மணியும் அடித்தாயிற்று. கல்யாண வீட்டில்கூட அதற்குமேல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? இல்லை, மத்தியானமும் சாப்பாடு உண்டு, முட்டை உண்டு என்று ஆசை காட்டி உட்காரவைத்தேன். மத்தியானம் முட்டையைத் தின்று கையைக் கழுவிவிட்டு மறுபடியும் பையோடு வந்து நின்றான். அப்போது என்னிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. 1982இல் சத்துணவுத் திட்டம் கொண்டுவந்த எம்.ஜி.ஆர். சாயங்காலச் சுண்டல் ஒன்றையும் சேர்த்திருந்தால் என் பாடு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

இதற்கு நடுவில் 'டீச்சர்' என்று அவன் கூப்பிட்டதைக் கவனித்திருப்பீர்கள். அங்கன்வாடியில் அவர்கள் பார்த்ததெல்லாம் டீச்சர்தான். ஆகவே பள்ளிக்கூடத்தில் சோறு போடாமல் சும்மா நின்று பேசுகிற உயிர் எதுவோ அதற்குப் பெயர் டீச்சர். எனக்கு மீசை உண்டு. சுமாரான மீசை இல்லை, ஐந்தாம் வகுப்பை அடக்குவதற்கென்றே வளர்த்த மீசை. "சார்னு சொல்லணும்" என்றேன். "சரி டீச்சர்" என்றார்கள் 14 பேரும். அந்த வாரத்தில் அவர்கள் ஒரே குரலில் சொன்ன ஒரே பதில் அதுதான்.

செவ்வாய்க்கிழமை கணக்கு. எண் ஒன்றில் தொடங்குவது என்று தீர்மானித்தேன். இதில் என்ன தப்பு நடக்க முடியும்? வகுப்புக்கு முன்னால் நின்று, ஆள்காட்டி விரலை உயர்த்தி, கணீரென்று "ஒண்ணு" என்றேன்.

நாலு பேர் எழுந்து வெளியே ஓடினார்கள்.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் உயர்த்திய என் விரலை நானே பார்த்தேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒற்றை விரலுக்கு என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியாததா? முந்தின நாள்தான் நானே, "ஒண்ணுக்கு வந்தா இப்படி வெரலக் காட்டணும்" என்று அரை மணி நேரம் செலவழித்துப் பழக்கிவிட்டிருந்தேன். பிள்ளைகள் பாடத்தை மறக்கவில்லை. டீச்சரே விரலைக் காட்டினால் அது உத்தரவு என்று எடுத்துக்கொண்டார்கள். ஓடின நாலு பேரைப் பார்த்து இன்னும் மூணு பேருக்கு வந்துவிட்டது. அது ஒட்டுவாரொட்டி என்பது ஒண்ணாப்பு எடுத்தவர்களுக்குத்தான் தெரியும். கொட்டாவி, இருமல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எல்லோரும் திரும்பி வந்தபின், சரி, ஒன்றை அப்புறம் பார்க்கலாம் என்று, நடந்ததைச் சரியாக யோசிக்காமல், இரண்டு விரலைக் காட்டி "ரெண்டு" என்றேன். ரிப்பன் கட்டின ஒரு சிறுமி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிக்க ஆரம்பித்தாள், பக்கத்திலிருந்தவன் சிரித்தான். காலையிலிருந்து விசும்பிக்கொண்டிருந்த கடைசி இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பயிற்சிப் புத்தகத்தில் எழுதியிராத ஒரு முறையில் அழுகை நின்றது. அதற்குமேல் அன்றைக்குக் கணக்கு நடக்கவில்லை. மூன்று முதல் ஒன்பது வரை ஆபத்தில்லாத எண்கள் என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை 'அ'.

நம் எழுத்தைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. 'ட' என்றால் இரண்டு கோடு. 'ப' என்றால் மூன்று கோடு. பிள்ளை பாட்டுக்கு இழுத்துவிட்டுப் போய்விடும். 'அ' அப்படியா? ஒரு சுழி சுழித்து, மேலே போய் வளைந்து, கீழே இறங்கி வயிறு தள்ளி, திரும்பி வந்து, நேராக ஒரு கோடு நிற்க வேண்டும். அகர முதல என்று பெருமையோடு சொல்லிவிடுகிறோம். பென்சிலை உலக்கை மாதிரி உள்ளங்கைக்குள் பிடித்திருக்கிற ஐந்து வயசுப் பிள்ளைக்கு அது முதல் எழுத்தா, மூன்றாம் ஆண்டுப் பரதநாட்டியமா?

எங்கள் ஒண்ணாப்புச் சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழே ஒரு கரும்பலகைப் பட்டை ஓடும். 2007-08இல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்தபோது பூசினது. ஆளுக்கு ஒரு கட்டம். இத்தனை வருஷத்தில் அதைக் கடந்து போயிருக்கிறேனே தவிர, குனிந்து பார்த்ததில்லை. குந்தவைத்து உட்கார்ந்துதான் அதில் எழுத முடியும். உட்கார்ந்தேன். இரண்டு முழங்காலும் சொடக்குப் போட்டதில் ஒரு குழந்தை திரும்பிப் பார்த்து, "டீச்சர், ஒடஞ்சிருச்சா?" என்றது.

குட்டிம்மாவின் கையைப் பிடித்து ஒருமுறை எழுதவைத்தேன். கையை விட்டதும் அவளாக எழுதினாள். சுழி வந்தது. வளைவு வந்தது. வளைவை நிறுத்தத் தெரியாமல் சுற்றிக்கொண்டே போனாள். தன் கட்டத்தைத் தாண்டி, பக்கத்துப் பையன் கட்டத்துக்குள் புகுந்து, அவன் காதுக்குக் கீழே போய் சாக்பீஸ் ஒடிந்ததால் நின்றாள். "இது என்னம்மா?" என்றேன். "நத்தை." "'அ' எங்க?" "உள்ள இருக்கு." உற்றுப் பார்த்தேன். நத்தைக் கூட்டுக்குள் சின்னதாக, ஒரு பக்கம் சாய்ந்து, நிஜமாகவே ஒரு 'அ' இருந்தது.

பேத்தியைக் கூட்டிப் போக வந்த தாத்தா ஒருவர் வாசலில் நின்று சுவரில் இருந்த 'இலை' படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க காலத்துல இந்த லைக்கித் தும்பிக்கை உண்டு வாத்தியாரே, அதத்தான் எனக்கு எழுத வரும். இப்ப யார் வெட்டினது?" என்று கேட்டார். 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தைச் சொன்னேன். "அந்த 'அ'வையும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம்" என்றார். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வியாழக்கிழமை படஅட்டை. 'ஆ' என்றால் ஆடு. இருக்கிற எழுத்துகளில் இதுதான் நம் ஊருக்கு ஏற்றது என்று தைரியமாக எடுத்து நீட்டினேன். ஆட்டுக்காரப் பையன் எழுந்து கிட்டத்தில் வந்து பார்த்தான். "டீச்சர், இது கெடா."

"கிடாவும் ஆடுதாம்ப்பா."

"இல்ல டீச்சர். ஆடுன்னா குட்டி போடும். இது கெடா. கொடியுமில்ல, கன்னியுமில்ல. எங்க ஊரு ஆடே இல்ல."

கொடி ஆடு உயரமானது, வெள்ளையில் புள்ளி தெறித்திருக்கும். கன்னி ஆடு கறுப்பு, முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இறங்கும். இதை அவன்தான் எனக்குச் சொன்னான். மற்ற 13 பேரும் வாயைத் திறந்து கேட்டார்கள். நான் பாடம் எடுத்தபோது ஒரு வாய்கூட அப்படித் திறக்கவில்லை. அவனிடம் 'ஆ' அட்டையைக் கொடுத்து உட்காரவைத்தேன். 'கெ' எழுத்துக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

எண்ணும் எழுத்தும் திட்டம் 2023-24இல் அஞ்சாப்புக்கும் வந்தபோது வட்டார வள மையத்தில் எங்களுக்குப் பயிற்சி நடந்தது. ஆடச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள், பொம்மையைக் கையில் மாட்டிப் பேசச் சொன்னார்கள். அஞ்சாப்பு வாத்தியார்கள் நாங்கள் பின்வரிசையில் நின்று மீசைக்குள் சிரித்தோம். வியாழன் மத்தியானம் வேறு வழியில்லாமல் அலமாரியைத் திறந்து முயல் பொம்மையைக் கையில் மாட்டினேன். வகுப்பு கப்சிப். முயல் "உக்காரு" என்றது, உட்கார்ந்தார்கள். "கையக் கட்டு" என்றது, கட்டினார்கள். என் சொல்லுக்கு இல்லாத மரியாதை என் மணிக்கட்டுக்கு இருந்தது. ரிப்பன்காரி மட்டும் கிட்டே வந்து, என்னைச் சட்டை செய்யாமல், முயலின் காதில் ரகசியமாகச் சொன்னாள்: "இந்த டீச்சர் வேண்டாம். கால் வலிக்கிற டீச்சர வரச் சொல்லு."

வெள்ளிக்கிழமை பாடக்குறிப்பேடு எழுத உட்கார்ந்தேன். 'கற்றல் விளைவு' என்று ஒரு கட்டம் இருக்கும். இந்த வாரம் பிள்ளைகள் என்ன கற்றார்கள்? தன் பெயர் தனக்குத் தெரிந்தவர்கள் 11. செருப்பைக் கால் மாற்றாமல் போடுகிறவர்கள் 6. சாப்பிட்ட பிறகும் பள்ளிக்கூடம் உண்டு என்று ஒப்புக்கொண்டவர்கள் 13; ஆட்டுக்காரப் பையன் இன்னும் யோசிக்கிறான். எழுத்து என்று பார்த்தால், நத்தைக்குள் இருப்பதையும் சேர்த்து, ஒன்று. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. வாரத்துக்கு ஒரு எழுத்து என்றால், தீபாவளி பொங்கலுக்குக்கூட லீவு விடாமல் நடத்தினால், முடிப்பதற்கு நாலே முக்கால் வருஷம். அதாவது பிள்ளைகள் சரியாக அஞ்சாப்பு முடிக்கிற சமயம். அஞ்சாப்பு வாத்தியார் யார் என்பது நினைவுக்கு வந்ததும் கணக்கை அழித்துவிட்டேன். கட்டத்தில் 'கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்கிறார்கள்' என்று எழுதினேன். தலைமையாசிரியர் படித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். என் அஞ்சாப்பில் அவருக்கு என்ன நடந்ததோ.

திங்கட்கிழமை பக்ரீத் விடுமுறை. செவ்வாய் காலை ஒண்ணாப்பு டீச்சர் கால் கட்டோடு வந்துவிட்டார். மீசையை முறுக்கிக்கொண்டு என் வகுப்புக்குள் போனேன். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, ஒற்றை விரலைக் காட்டி, முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு, "ஒண்ணுக்கு, டீச்சர்" என்றான். ஒரு வாரம் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பையனுக்கு 'ண'வுக்கும் 'ன'வுக்கும் இன்னும் வித்தியாசம் தெரியாது. அதைப் பற்றி ஒண்ணாப்பு டீச்சரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.