கவுளி சொன்னால் சரி

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே எந்த ஊர் டீக்கடைக்குப் போனாலும் சகுனக்காரர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். முட்டை விலை ஏறியிருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். "நேத்து ராத்திரியே எங்கூட்டு உத்தரத்துல கவுளி சொல்லிருச்சுங்க" என்பார். விலை இறங்கிய நாளுக்கு முந்தின ராத்திரியும் அதே கவுளி கத்தியது. அது தினமும் கத்துகிற பிராணி. ஆனால், அவருடைய பேரேட்டில் வரவுப் பக்கம் மட்டும்தான் உண்டு.

ஒருநாள் அந்தக் கவுளி அவர் தலையிலேயே விழுந்தது. பஞ்சாங்கத்தில் தலைக்குப் போட்டிருந்த பலன் பிடிக்கவில்லை. "தலையில எங்கீங்க உழுந்துச்சு? துண்டு மேலதானுங்களே" என்று தீர்ப்பை மாற்றினார். துண்டுக்குப் பஞ்சாங்கத்தில் பலன் கிடையாது. இருந்தாலும் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய், தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் அந்தத் துண்டோடு சேர்த்துத் தொட்டுவிட்டு வந்தார்.

பூனை குறுக்கே போனால் அவர் கடன் கொடுக்க மாட்டார். "நாளன்னிக்கு வாங்க தம்பி, இன்னிக்குச் சரியில்லை." அவரே கடன் வாங்கக் கிளம்பும்போது அதே பூனை குறுக்கே வந்தால், "அது எலியப் பாத்துப் போவுது, நமக்கென்ன" என்று வண்டியைக் கிளப்புவார். மயிலும் அப்படித்தான். பக்கத்துக் காட்டில் இறங்கினால் சாட்சாத் முருகனே வந்த மாதிரி கன்னத்தில் போட்டுக்கொள்வார். தன் நிலக்கடலையைக் கொத்தினால் தகர டின்னைத் தட்டிக்கொண்டு ஓடுவார். அதற்கு மேல் ஒன்றும் செய்யமுடியாது. 1963 முதல் மயில் தேசியப் பறவை. கை வைத்தால் 1972-ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டம் வந்து நிற்கும்.

கணக்கு வாத்தியார் ஒருவர் அவரைத் திருத்தப் பார்த்தார். "23 பேர் சும்மா கூடினாலே, அதில் ரெண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதிக்கு மேல வாய்ப்பு இருக்குதுங்க. எல்லாம் தற்செயல்தான்."

"சரிங்க வாத்தியாரே, அந்த 23 பேரக் கூட்டி வெச்சது யாருங்க?"

வாத்தியார் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

போன ஆடியில் குலசாமி கோயிலில் கெடா வெட்டு. மஞ்சள் தண்ணி தெளித்ததும் கெடா உடம்பை உதறித் துளுக்க வேண்டும். அதுதான் சாமி உத்தரவு. கெடாவோ அரைமணி நேரமாக அசையாமல் வேப்பிலை தின்றுகொண்டிருந்தது. அடுப்பில் உலை கொதித்தது, பங்காளிகள் முகம் வாடியது. சகுனக்காரர் பயபக்தியோடு சொம்பை வாங்கி, கெடாவின் காதுக்குள்ளேயே ஊற்றினார். அது தலையிலிருந்து வால் வரை உதறிய உதறலில் பூசாரி வரைக்கும் நனைந்துபோனார்.

"காதுல ஊத்துனா எந்த ஆடும் துளுக்குமே மாமா?" என்றான் ஒரு பையன்.

"சாமிக்குச் சொல்லணும்னு ஆசைதான்டா இருந்துச்சு. நாமதான் கொஞ்சம் எடுத்துக் குடுக்கோணும்" என்றவர், அருவாளை எடுத்து வரச் சொன்னார்.