டன்னுக்கு மூணு கிராம்

பங்காருபேட்டையில் ரயிலேறி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற எனக்கு இலக்கிய அறிவு முழுக்கக் காது வழியாக வந்ததுதான். எழுத்தாளர் பேட்டி எந்த பாட்காஸ்ட்டில் வந்தாலும் விடமாட்டேன். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், பேனாவா கம்ப்யூட்டரா, எத்தனை டீ, எல்லாம் அத்துப்படி. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வந்தது 2010-ல். ‘ஆளண்டாப் பட்சி’யின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஜேசிபி பரிசு வாங்கியது 2023-ல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரண்டும் வீட்டில் இருக்கின்றன. அவற்றின் மேல்தான் டேபிள் ஃபேன் நிற்கிறது.

ஒரே சங்கடம், டேக்கல் பாறைக்குன்றுகள் வந்ததும் டவர் போய்விடும். “அந்தப் பெண் ஏன் கிணற்றில் குதித்தாள்?” என்று கேட்பார்கள். எழுத்தாளர் தொண்டையைக் கனைப்பார். அவ்வளவுதான். மாலூரில் சிக்னல் திரும்பியதும் விட்ட இடத்தைத் தேடப் பொறுமையில்லாமல் முன்னே தள்ளுவேன், அங்கே பரஸ்பரம் நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்கள். “ராத்திரியே டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்களேன்” என்கிறாள் மனைவி. அவள் சொல்லி நான் செய்வதா?

மாரிக்குப்பத்தில் ஏறி வரும் பெரியவர் ஒருவர், 2001-ல் மூடும்வரை தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒருநாள் அவர் காதிலும் ஒரு இயர்போனைச் செருகினேன். மாலூர் தாண்டியும் பொறுமையாகக் கேட்டார்.

“இன்னா தம்பி, இம்மா நேரமா பேசறாரு, கதை எங்க?”

“கதை புஸ்தகத்துல இருக்கு ஐயா. இது அதை எழுதின கதை.”

“கடைசியில டன்னு கல்லை உடைச்சா மூணு கிராம் தேறலன்னுதான் எங்க மைன்ஸை இழுத்து மூடினான். இதுல எத்தினி கிராம் தேறும்?”

ஒயிட்ஃபீல்டு வந்ததால் பிழைத்தேன்.

2025-ல் பானு முஷ்தாக்கின் ‘ஹார்ட் லேம்ப்’ சர்வதேச புக்கர் வாங்கியதும், எங்கள் ஆபீஸ் கன்னட மேடத்திடம் வசமாக ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். கன்னடத்துக்கு முதல் சர்வதேச புக்கர், சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்குக் கிடைப்பதும் இதுவே முதல்முறை, மொழிபெயர்த்த தீபா பாஸ்தி கன்னடச் சொற்களைச் சாய்வெழுத்தில் போட மறுத்தவர் என்று பேட்டியில் கேட்டதையெல்லாம் கொட்டினேன். மேடம் அசந்துபோனார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். எங்கள் ஊர் பானிபூரித் தண்ணீர் மாதிரி, பார்வைக்கு நிறமில்லாத வெறும் தண்ணீர், வாயில் போட்டால்தான் காரம் தெரியும்.

“பன்னிரண்டு கதையில் உங்களுக்கு எது பிடித்தது?”

“தலைப்புக் கதைதான்.”

“ஓ, அந்த முடிவு! அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?”

தொண்டையைக் கனைத்தேன். ஆபீஸில் டவர் முழுசாக இருந்தது.