பழைய துப்பாக்கி பார்க்கிறவர்

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை வந்துவிட்டால் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் எங்கு பார்த்தாலும் ஆரஞ்சுத் தொப்பிதான். ஃபெசன்ட் வேட்டை தொடங்கும் நாள். ஆசியாவிலிருந்து போய்க் குடியேறிய அந்த நீளவால் காட்டுக்கோழிக்கு மாநிலப் பறவை என்ற பட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஹியூரான் என்ற ஊரில் 28 அடி உயரச் சிலையும் வைத்திருக்கிறார்கள். கூடவே, ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று சேவல் சுட்டுக்கொள்ளலாம் என்று அனுமதியும் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த மூன்று சேவலுக்காக நம்மாள் கோடையிலேயே கிளம்பிவிடுவார். வயலுக்கு இல்லை, பழைய துப்பாக்கிக் கடைக்கு.

அவருக்கு வேண்டியது ‘ஓவர்-அண்டர்’. குழல் இரண்டும் அக்கம்பக்கமாக இல்லாமல் மேலும் கீழுமாக அமைந்த துப்பாக்கி. புதிது வாங்க வசதி இல்லாமல் இல்லை. “புதுசு வாங்கப் பணம் போதும். பழசு வாங்கத்தான் அறிவு வேணும்” என்பது அவர் கட்சி. இந்தக் கட்சிக்கு ஊருக்கு நாலு தலைவர்கள் உண்டு. தொண்டர்தான் கிடையாது.

அவர் வண்டி வாசலில் நின்றதுமே கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் விலை பேசும் கட்டம் வந்துவிடாது என்பது அவருக்கு அனுபவம்.

சுழி பார்த்து மாடு பிடிக்கிற பெரியவர் போல, நம்மாள் முதலில் கைவைக்காமல் சுற்றிவந்து ஒரு நோட்டம் விடுவார். முதல் பார்வை, துப்பாக்கியைத் திறக்க மேலே இருக்கும் லிவருக்கு. புதுத் துப்பாக்கியை மூடினால் லிவர் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம் நிற்கும். புழங்கித் தேயத் தேய நடுவுக்கு வரும். இன்னும் தேய்ந்தால் இடப்புறம் தாண்டிவிடும். இடப்புறம் சாய்ந்த லிவரைக் கண்டால் அவருக்கு வருகிற ஆத்திரம் எந்தத் தேர்தல் முடிவுக்கும் வந்ததில்லை.

அடுத்து முன்கட்டையைக் கழற்றிவிட்டு ஆட்டிப் பார்ப்பார். முன்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூட்டின் ஆட்டத்தை மறைத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். பிறகு குழலை மட்டும் தனியே எடுத்து ஒரு விரலில் தொங்கவிட்டு, மறுகை முட்டியால் தட்டுவார். கணீரென்று ஒலித்தால் பற்றவைப்பு சரியாக இருக்கிறது. சளசளத்தால் எங்கோ விட்டிருக்கிறது. அவர் தட்டும்போது கடையே அமைதியாகிவிடும். மரியாதையால் அல்ல, “உஷ்” என்று அதட்டிவிட்டுத்தான் அவர் தட்டுவது.

போலித் தோட்டாக்களைச் சொந்தச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். போட்டு, விசையை இழுத்து, திறந்து பார்ப்பார். தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டர் சரியாக இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே துள்ளவேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால், “ஏதோ உரசுது” என்று உதட்டைப் பிதுக்குவார். உண்மையில் அந்த நொடியில் அவருக்கு உள்ளூர ஒரே ஆனந்தம். குறை கிடைத்துவிட்டதல்லவா!

பிரௌனிங் சூப்பர்போஸ்ட் என்றால் பரீட்சை இன்னும் நீளும். ஜான் பிரௌனிங் வடிவமைத்த கடைசித் துப்பாக்கி அது. 1926-ல் அவர் பெல்ஜியத்து ஆலையிலேயே இறந்துபோக, மகன் வால் வேலையைத் தொடர்ந்தார். 1931-ல் விற்பனைக்கு வந்தது. இந்த வரலாற்றைக் கேட்காதவர்களுக்கும் சொல்லிவிட்டு, நம்மாள் திருப்புளியை எடுப்பார். 1960-களின் பிற்பகுதியில் துப்பாக்கிக் கட்டைக்கான வால்நட் மரத்தைச் சீக்கிரம் உலர்த்துவதற்காக உப்பில் போட்டார்கள். மரம் உலர்ந்தது, ஆனால் உப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அது ஈரத்தை இழுத்து, மரம் தொடுகிற இரும்பையெல்லாம் அரித்தது. ஆகவே பின்தகட்டு ஸ்க்ரூவைக் கழற்றித் துரு பார்க்கவேண்டும். துரு இல்லையென்றால் மறைவான இடத்தில் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு. வெள்ளையாகத் திரிந்தால் உப்பு. அந்தச் சீசாவும் சட்டைப்பையில்தான் இருக்கும்.

1973 முதல் ஜப்பானின் மிரோக்கு நிறுவனம் செய்துதருகிற சிட்டோரியில் இந்த வியாதி இல்லை. ஆனால் அவர் அதையும் கையிலெடுத்து, “நல்ல துப்பாக்கிதான். ஆனா பெல்ஜியம் இல்லையே” என்பார். பெல்ஜியத்தில் செய்ததைக் கையில் கொடுத்தால், “உப்பு இருக்குமே” என்பார்.

சீசன் நெருங்கிய பிறகு ஒருநாள் வாங்கியே விடுவார். மத்திய அரசின் 4473-ஆம் எண் படிவத்தை நிரப்பவேண்டும். வாங்குகிறவர் யோக்கியரா என்று அரசாங்கம் கணினியில் பார்த்துச் சொல்ல, பெரும்பாலும் சில நிமிடம்தான். துப்பாக்கி யோக்கியமானதா என்று பார்க்க நம்மாளுக்கு ஒரு கோடைக்காலம் ஆயிற்று.

“வீட்ல ஏற்கெனவே ரெண்டு இருக்கே?” என்பார் மனைவி.

“அது பன்னிரண்டு கேஜ். இது இருபது.”

கேஜ் என்றால் என்ன என்று மனைவி கேட்கமாட்டார். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அந்த அகலக் குழல்தான் பன்னிரண்டு கேஜ் என்பது கல்யாணமான புதிதிலேயே அவருக்கு மனப்பாடமாகிவிட்டது.

தொடக்க நாளன்று சோளத்தட்டைக்குள் நடந்துபோகிறார்கள். காலடியிலிருந்து ஒரு சேவல் கத்திக்கொண்டு எழும்புகிறது. இரண்டு குழலும் வெடிக்கின்றன. துப்பாக்கியைத் திறக்கிறார். காலித் தோட்டா இரண்டும் ஒரே நேரத்தில் துள்ளித் தெறிக்கின்றன.

“பார்த்தீங்களா எஜெக்டரை!” என்கிறார், கண்கள் பளபளக்க.

சேவல் அடுத்தவர் நிலத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்குள் கட்டையின் சாய்வு தமக்கு ஒத்துவரவில்லை என்று கண்டுபிடித்து, விற்பனைக்கு வைத்துவிடுவார். இப்போது மனிதரின் அகராதியே வேறு. வாங்கும்போது அடிமாட்டு விலைக்குக் கேட்கவைத்த கீறல் இன்று ‘வயல் கண்ட அழகு’. நடுவுக்கு வந்த லிவர் ‘நல்லாப் பழகின லிவர்’. தேய்ந்துபோன நகாசு, ‘கைபட்ட மெருகு’.

வாங்க வருகிறவர் கட்சியின் இன்னொரு தலைவர். சுற்றிவந்து நோட்டம் விடுகிறார், தட்டுகிறார், “உஷ்” என்கிறார், கடைசியில் பையிலிருந்து திருப்புளியை எடுக்கிறார். நம்மாளுக்கு முகம் சிவந்துவிடுகிறது.

“மனுஷனுக்கு மனுஷன் ஒரு நம்பிக்கை வேணாமா, சார்?”